மோட்சமும் பருப்பும்: அமெரிக்கக் கல்லூரியில் மதம் படிப்பவர்கள்

பார்பரா வால்வோர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2008-ல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கல்லூரி அறிமுக மதப் பாடங்களில் கற்பித்தலும் கற்றலும்'. கேட்டவுடனே கொட்டாவி வரும் தலைப்பு. ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் சுவாரசியமானது. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரும் மாணவரும் வேறு வேறு காரியத்துக்காக அங்கே வந்திருக்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள், வகுப்பு, மாணவர் எழுதியவை என்று பல வழிகளில் விசாரித்துக் காட்டுகிறார்.

முதலில் பாடம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் கணிப்பொறி படிப்பவரும் நர்சிங் படிப்பவரும் தங்கள் துறைக்கு வெளியே சில பாடங்களை எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கக் கிடைப்பவற்றில் ஒன்று ரிலிஜியஸ் ஸ்டடீஸ், அதாவது மதவியல். 'உலக மதங்கள்', 'புதிய ஏற்பாடு அறிமுகம்' என்றெல்லாம் பெயர் இருக்கும். நமக்கு இது கொஞ்சம் அந்நியம். நான் படித்த பள்ளியில் மணி அடித்ததும் கத்தோலிக்கப் பையன்கள் ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள், மிச்சப் பேர் நன்னெறி வகுப்பில் உட்காருவோம். அங்கே ஜெபம், இங்கே 'பொய் சொல்லாதே'. மதம் என்பதை ஒரு பொருளாக எடுத்து மேஜையில் வைத்து, இது எப்படி உருவானது, யார் எழுதினார்கள், ஏன் இப்படி மாறியது என்று யாரும் கேட்கவில்லை. பி.ஈ. நாலு வருஷத்தில் அந்தப் பேச்சே கிடையாது.

வால்வோர்ட் கண்டது இதுதான். ஆசிரியரிடம் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டால், விமர்சன சிந்தனை என்கிறார். மாணவரிடம் கேட்டால், மதங்களைப் பற்றித் தகவல் வேண்டும், கூடவே என் சொந்த நம்பிக்கை பற்றி ஒரு தெளிவு வேண்டும் என்கிறார். கடவுள் இருக்கிறாரா, நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம் வருகிறது, செத்தால் என்ன ஆகும். பதினெட்டு வயதில் இதைக் கேட்கத்தான் ஒருவன் அந்த வகுப்புக்கு வருகிறான். ஆசிரியரோ, அதெல்லாம் இந்தப் பாடத்தில் இல்லப்பா, மாற்கு சுவிசேஷம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்ப்போம் என்கிறார். இதைத்தான் அவர் 'பெரும் பிளவு' என்கிறார்.

ஆசிரியர்களை மட்டும் திட்டவும் முடியாது. 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'அபிங்டன் பள்ளி மாவட்டம் எதிர் ஷெம்ப்' வழக்கில் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பு வழிபாடாக நடக்கக் கூடாது என்றது. அதே தீர்ப்பில், பைபிளையோ மதத்தையோ சார்பில்லாமல், பொதுக் கல்வியின் பகுதியாகப் படிப்பதற்குத் தடை இல்லை என்றும் சொன்னது. மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிப் போதிப்பது வேறு. அரசுப் பல்கலைக்கழகங்களில் மதவியல் துறைகள் பெருகியதற்கு இந்த வரி பெரிய துணை. கிட்டத்தட்ட அதே சமயத்தில், பைபிள் ஆசிரியர்களின் தேசியச் சங்கமாக இருந்த அமைப்பு, பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்க மதவியல் அகாடமி ஆனது. இந்தத் துறை 'நாங்கள் பாதிரியார் இல்லை' என்று சொல்லிச் சொல்லித்தான் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தது. அந்தத் துறையில் வளர்ந்த ஆசிரியரிடம் போய் 'சார், எனக்கு ஒரு சந்தேகம், சாமி இருக்கா?' என்றால் அவர் நெளியத்தான் செய்வார்.

இந்தப் பாடத்தை நான் வெளியிலிருந்து ருசித்தவன். யேல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் ஹேய்ஸ் 2006-ல் நடத்திய பழைய ஏற்பாடு வகுப்புகள் இலவசமாக இணையத்தில் இருக்கின்றன, மொத்தம் 24. அலுவலக பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில், மனிதன் கடைசியில். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், பிறகுதான் மிருகங்கள். நோவாவின் கப்பலில் ஓரிடத்தில் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி, இன்னோரிடத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழேழு. மழை 40 நாள் என்று ஒரு கணக்கு, தண்ணீர் பெருகி நின்றது 150 நாள் என்று ஒரு கணக்கு. இரண்டு பேர் எழுதிய கோடை மூன்றாவது ஆள் ஒன்றாக்கியிருக்கிறார், முரண்களை நீக்காமல் இரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். பழைய கோடைப் பிரித்துப் பிழை தேடியே காலம் தள்ளுகிற எனக்கு இது விருந்து. எழுதியவர்கள் போய்விட்டார்கள், ஆனால் கைவரிசை தெரிகிறது. இது யாருடையது, அது யாருடையது என்று வரி வரியாகப் பிரிக்கிறார்கள். அடடா!

ஆனால் எனக்கு இதில் இழக்க ஒன்றும் இல்லை. எனக்கு வேடிக்கை. நோவாவின் கதையை அம்மா மடியில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு?

பார்ட் எர்மன் அப்படி ஒரு பிள்ளை. பின்னாளில் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு நடத்திய பேராசிரியர். பைபிளில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்று நம்பும் மூடி பைபிள் இன்ஸ்டிட்யூட்டில் தொடங்கி, வீட்டன் கல்லூரி வழியாகப் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்குப் போனார். மாற்கு 2:26-ல், தாவீது தேவாலய அப்பத்தைச் சாப்பிட்டபோது அபியத்தார் பிரதான ஆசாரியன் என்று இயேசு சொல்வதாக வருகிறது. 1 சாமுவேல் 21-ஐப் பார்த்தால் அங்கே இருப்பவர் அபியத்தாரின் அப்பா அகிமெலேக்கு. இதைச் சரிக்கட்ட எர்மன் நீண்ட கட்டுரை எழுதினார், கிரேக்க இலக்கணம் எல்லாம் வைத்து. திருத்திய பேராசிரியர், மாற்கே தவறு செய்திருக்கலாம் அல்லவா என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி, கதவைத் திறந்துவிட்டது என்று 2005-ல் வந்த தன் நூலில் எர்மன் எழுதுகிறார்.

இந்தக் கதையை எல்லோரும் 'படித்தான், நம்பிக்கை போச்சு' என்று சுருக்கிவிடுவார்கள். எர்மன் அப்படிச் சொல்லவில்லை. பிழை தெரிந்த பிறகும் பல வருஷம் கிறிஸ்தவராகத்தான் இருந்தார். தன்னை வெளியே தள்ளியது உலகத்தில் உள்ள துன்பம் என்கிறார். அதாவது அந்தப் பதினெட்டு வயதுக் கேள்வி. வகுப்பில் இடம் இல்லாத அதே கேள்வி.

யேல் காணொளிகளில் ஒன்றைக் கவனித்தேன். காமிரா ஆசிரியரைத்தான் பார்க்கிறது. மாணவர் பேசுவதைக் கேட்க வழியே இல்லை. சின்னக் குழுக்களாகப் பிரிந்து விவாதிக்கும் வகுப்புகள் தனியாக உண்டு, அவை காணொளியில் இல்லை. 24 வகுப்பும் கேட்ட எனக்கு, நோவாவின் கப்பல் இரண்டாகப் பிரிந்த அன்று பின் பெஞ்சில் யார் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. வால்வோர்ட் அந்தக் காமிராவைத் திருப்புகிறார். அதுதான் புத்தகத்தின் பலம்.

நன்றாகச் சொல்லித் தருபவர்கள் என்று பெயர் எடுத்த 66 பேரின் வகுப்புகளை அவர் ஆராய்கிறார். அவர்களில் நல்லவர்கள் மாணவரின் சொந்தக் கேள்வியை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்வதில்லை. இரண்டு குரலிலும் எழுத வைக்கிறார்கள்: இங்கே ஆய்வாளராக எழுது, இங்கே நீயாக எழுது. விமர்சன சிந்தனையும் சொந்தத் தேடலும் ஒன்றை ஒன்று கொல்லத் தேவையில்லை என்பது அவர் முடிவு. சரி. எனக்கும் உடன்பாடு. ஆனால் தேர்ந்தெடுத்த 66 பேர் நல்ல ஆசிரியர்கள். கடனே என்று நடத்தும் ஆசிரியரின் வகுப்பில், மாணவர் என்ன ஆனார் என்று இந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு என் அக்கா மகள் தேவைப்பட்டாள்.

அவள் அங்கேயே பிறந்தவள், பயாலஜி படிப்பு, தேவையான கிரெடிட்டுக்காக 'உலக மதங்கள்' எடுத்தாள். இந்து மதத்துக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். பாடப் புத்தகத்தில் வேதம், உபநிடதம், நான்கு வர்ணம், நான்கு ஆசிரமம், கடைசியில் மோட்சம். இவளுக்கு ஒன்றும் தெரியாது. இவளுக்குத் தெரிந்தது அமாவாசைக்கு வாழைக்காய் வைக்க வேண்டும், காக்காய்க்கு வைத்த பிறகுதான் சாப்பாடு, பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, நம்ம சாஸ்தா எந்த சாப்டர்ல வருவார்?"

நான் பி.டி.எஃப்பை வாங்கித் தேடினேன். எந்த சாப்டரிலும் வரவில்லை.

எர்மனின் வகுப்பில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் நம்பிக்கை ஆட்டம் காணலாம். ஆனால் அது அவள் நம்பிக்கை, அவள் புத்தகம், அவளுக்குத் தெரிந்த பேர்கள். அக்கா மகளுக்கு ஆட்டம் காண அங்கே எதுவுமே இல்லை. அவள் மதத்தை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் குறிப்பிடவும் இல்லை. வகுப்பு முடிந்து வரும்போது அவளுக்கு வந்த எண்ணம், 'நாம நிஜமான இந்து இல்ல போல' என்பது. பெரும் பிளவு என்று வால்வோர்ட் சொல்வது நோக்கத்தில் உள்ள பிளவு. எது மதம் என்று எண்ணுவதிலேயே ஒரு பிளவு இருக்கிறதே, அது அவர் அளவுகோலில் விழவில்லை. அவருடைய மாணவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர்கள், அதனால் இருக்கலாம்.

இதை முன்னமே ஒருவர் எழுதிவிட்டார், அதுவும் நம் ஊர்க்காரர். சென்னையில் வளர்ந்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் வசுதா நாராயணன். மேலே சொன்ன அமெரிக்க மதவியல் அகாடமியின் தலைவராக இருந்த முதல் இந்து அவர். 2000-ல் அந்த அகாடமியின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பை 'இரட்டை வழக்கு இந்து மதம்: விடுதலையும் பருப்பும்' என்று தமிழாக்கலாம். பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்று நாம் இரண்டு வைத்திருப்பது போல மதத்திலும் இரண்டு உண்டு என்கிறார். மேற்கத்தியப் பாடப் புத்தகத்தில் மோட்சம். வீட்டில் பாட்டிக்கு முக்கியம் எந்த நாளில் எந்தப் பருப்பு சமைப்பது, விசேஷத்துக்கு எது, திதிக்கு எது. பல்கலைக்கழகம் முதலாவதை மட்டும் மதம் என்று எடுத்துக்கொண்டது. எழுத்துத் தமிழுக்குத்தான் இலக்கணம் என்று நம் வாத்தியார்கள் சொல்லுவார்களே, அதே கதை.

அருமையான கட்டுரை. ஆனால் பருப்போடு நிற்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது ஒரு வைணவ வீட்டின் சமையலறை. எங்கள் பக்கத்தில் சாஸ்தா கோயிலுக்கு உள்ளே சர்க்கரைப் பொங்கல், அதே கோயிலின் காவல் சாமிக்குக் கிடாய் வெட்டு, நடு ராத்திரியில் சாமியாட்டம். பாட்டியின் பருப்பைச் சேர்த்துக்கொண்ட பாடப் புத்தகம், கிடாய்க்கு இடம் கொடுக்குமா?

துறைக்கு இதெல்லாம் தெரியாது என்றும் இல்லை. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1950 வாக்கிலேயே மதுரைப் பக்கம் வந்து பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்தவர், அய்யனாரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆய்வு நூலகத்தில் அய்யனார் இருக்கிறார். முதலாம் ஆண்டு மாணவர் கையில் கிடைக்கும் புத்தகத்தில்தான் இல்லை. இரண்டு வாரத்தில் இந்து மதத்தை முடிக்க வேண்டும் என்றால் எதை வெட்டுவார்கள்? இருப்பதிலேயே ஒழுங்காக அட்டவணை போட முடியாததைத்தான்.

ஹார்வர்டில் டயானா எக் 1991-ல் தொடங்கிய பன்மைத் திட்டம் வேறு மாதிரி யோசித்தது. இந்திய வம்சாவளி மாணவர்கள் வகுப்பில் அதிகமாக வர ஆரம்பித்ததைக் கண்டு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்களை அவரவர் ஊரிலுள்ள கோயில், மசூதி, குருத்வாராக்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். மாணவர் அங்கே தகவல் தரும் சாட்சி மட்டும் இல்லை, ஆய்வு செய்பவரும் அவர்தான். ஒரு செமஸ்டர் வகுப்பில் அத்தனையும் முடியாது. ஆனால் ஒரு கட்டுரையாவது முடியும்.

அக்கா மகள் கேட்டுப் பார்த்தாள். கடைசிக் கட்டுரையை சாஸ்தா பற்றி எழுதலாமா என்று. ஆசிரியர் நல்லவர், தாராளமாக எழுது என்றார், ஆனால் குறைந்தது ஐந்து ஆதாரம் வேண்டும் என்றார். துய்மோன் ஒன்று. நான் தேடிக் கொடுத்தவை மூன்று. ஐந்தாவதாக அவள் ஆச்சியைப் பேட்டி எடுத்தாள், வாட்ஸ்அப்பில், இரண்டு ராத்திரி. பங்குனி உத்திரத்துக்கு யார் முதலில் பானை வைப்பது என்பதில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு பழைய சண்டை அதில் வந்தது, எனக்கே தெரியாத கதை. அவள் அதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தாள். மற்ற நான்கு ஆதாரங்களுக்கும் சேர்த்து ஒன்றரைப் பக்கம்.