திருவுருவத்தில் பொன்னைப் பார்க்கும் முறை

வன்னிக் காட்டின் மேற்கே, மன்னார் மாவட்டத்துள் அமைந்த மடுத் திருத்தலத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களிலிருந்து ஓகஸ்ட் 15 ஆம் திகதிப் பெருவிழாவுக்குச் செல்வோர், பீடத்தில் மின்னும் பொன்னைப் பெரும்பாலும் காணிக்கையாகவும் அலங்காரமாகவுமே காண்கின்றனர். அப்பொன்னின் பின்னால் நிற்கும் நெடிய மரபை அறிந்த கண்ணுக்கோ அது முதலில் ஒளியாகவும் பிறகே செல்வமாகவும் தெரியும்.

துருவேறாத பொன்னைப் பண்டைய கிரேக்கர் சாவற்ற தேவர்களுக்குரிய உலோகமாகக் கருதினர். கி.மு. 438 இல் அதென்ஸின் பார்த்தனன் கோயிலில் சிற்பி பீடியாஸ் அமைத்த அதீனா தேவியின் பேருருவத்துக்கு மேனி யானைத் தந்தத்தாலும் ஆடை பொற்றகடுகளாலும் ஆகியிருந்தன. நெருக்கடியில் நகரம் கழற்றிப் பயன்படுத்தக்கூடிய தகடுகள் அவை.

பொன்னையும் அதன் ஒளியையும் தெய்வத்துக்குரியதாகக் காணும் இம்மரபை ஆதிக் கிறிஸ்தவர்கள் முற்றாகத் துறக்கவில்லை. உரோமையில் புனித பேதுரு பேராலயத்தின் அடியிலுள்ள கல்லறையொன்றில், கதிரவன் போலத் தேரேறி, தலையைச் சுற்றிக் கதிர் வீச நிற்கும் உருவத்தைக் கிறிஸ்து என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். புனிதர்களின் ஒளிவட்டமும் இத்தகைய கதிரவ உருவங்களின் வழிவந்ததே. இத்தாலியின் ரவென்னாவில் 547 இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தின் மொசேக்கில், அதாவது சிறு துண்டுகளைப் பதித்து ஆக்கும் சுவரோவியத்தில், கண்ணாடிக்குள் தங்க ரேக்கு வைத்துச் செய்த துண்டுகள் சற்றே சாய்வாகப் பதிக்கப்பட்டிருப்பதால், பார்ப்பவர் நகர நகர ஒளியும் உடன் நகர்கிறது. ஆகவே பொன் சார்ந்த திருவுருவத்தை ஓரிடத்தில் நின்று பார்ப்பது போதாது. மெழுகுதிரி வெளிச்சத்தில், மெல்ல நடந்தபடி பார்க்க வேண்டும். மின்விளக்கின் மாறாத வெளிச்சம் அந்தப் பொன்னின் உயிரில் பாதியைப் பறித்துவிடுகிறது.

இதைப் பழகுவதற்கு ரவென்னா வரை போகவேண்டியதில்லை. நற்கருணை ஆசீரின்போது குருவானவர் உயர்த்தும் கதிர்ப்பாத்திரத்தில் பொற்கதிர்கள் எல்லாப் பக்கமும் விரிந்தாலும், அவை கண்ணைத் தம்மிடம் நிறுத்தாமல் நடுவிலுள்ள வெண்ணிற அப்பத்திடம் சேர்க்கின்றன. திருப்பலிக்குரிய இரசப்பாத்திரம் துருவேறும் உலோகத்தால் ஆனதாயின் அதன் உட்புறத்துக்குப் பொன் பூசுவது வழக்கம். மக்கள் காணாத பக்கத்தில் இருப்பதால் அலங்காரமாகக் கொள்ள முடியாத அந்தப் பொன்னே இம்மரபை மிகத் தெளிவாக விளக்குகிறது.

திருவுருவங்கள் அணியும் பொன்முடியின் பொருள் இன்னும் ஆழமானது. போட்டியில் வென்ற கிரேக்க வீரனுக்குச் சூட்டிய இலைமுடி, விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சியின் முடியாக மாறியது. ரவென்னாவின் மற்றோர் ஆலயமான சான் அப்பொலினாரே நுவோவோவில் மறைசாட்சிகள் முடிகளைக் கையிலேந்திப் பொற்பின்புலத்தில் வரிசையாக நடக்கின்றனர். மன்னாரிலும் 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர். ஒல்லாந்தர் அடக்குமுறைக்குத் தப்பி 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டதாக மரபு கூறும் மடு அன்னையின் திருச்சொரூபம், 1924 யூலை 2 இல் முடிசூட்டப்பெற்று, 2008 ஏப்ரலில் போரின் நடுவே தேவன்பிட்டிக்குச் சென்று அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பியது. அதன் தலையிலுள்ள முடியை விண்ணரசியின் அணியாக மட்டுமன்றி, அச்சொரூபத்தோடு இடம்பெயர்ந்து நம்பிக்கை இழக்காதிருந்த மக்களின் முடியாகவும் பார்க்கலாம்.