நிம்மதி தரும் செயலியும் நிம்மதியைக் கெடுக்கும் போனும்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், செங்கலிலிருந்து பாறசாலை வரைக்கும் எந்த எய்டட் பள்ளியை எடுத்துக்கொண்டாலும் ஆசிரியரின் போன் இன்று பாதி அலுவலகம். பிள்ளைகளின் விவரமெல்லாம் ‘சம்பூர்ண’ தளத்தில், பாடக் குறிப்பு ‘சமக்ர’ தளத்தில், மதிய உணவான உச்சக்கஞ்சியின் கணக்கு தனியாக. அது போக வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பி.டி.ஏ.வுக்கு ஒன்று, மேலிடத்துச் சுற்றறிக்கைக்கு ஒன்று. ராத்திரி சாப்பிட்டு முடித்த நேரத்தில் ‘நாளைக் காலைக்குள் அனுப்பவும்’ என்று ஒன்று வந்து விழும். மனசைப் பதறவைக்கும் அதே கருவியில்தான் மனசை அமர்த்தும் செயலியையும் இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதனால் ஆசிரியருக்கான தியானச் செயலியை எடைபோட என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: வேலையை முடித்துக்கொடுத்து எவ்வளவு சீக்கிரம் போனைக் கீழே வைக்கவிடுகிறது? குரல் இனிமை, படத்தின் அழகு, எத்தனை ஆயிரம் பதிவுகள் என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், இவை வேலை செய்கின்றனவா என்பதைப் பார்த்துவிடலாம். ஆசிரியர்களை வைத்தே நடந்த நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 2020 கோடையில், கோவிட் நடுவே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பள்ளி ஊழியர்கள் 662 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ‘ஹெல்தி மைண்ட்ஸ் புரோகிராம்’ செயலியைக் கொடுத்தார்கள். நான்கு வாரம் பயன்படுத்தியவர்களிடம் மன இறுக்கம், பதற்றம், மனச்சோர்வு மூன்றும் சேர்ந்த அளவு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த வித்தியாசம் நின்றது. மூளை ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சனின் குழு உருவாக்கிய செயலியை அதே குழுவே சோதித்தது, அளவுகளும் பயன்படுத்தியவர்கள் தாமே சொன்னவை என்பதால் இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய சான்று இல்லை.

இந்தச் செயலியில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் உட்கார்ந்து செய்யப்போகிறீர்களா, வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்யப்போகிறீர்களா என்று கேட்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் நடக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ காதில் கேட்டபடி செய்யலாம். நேரத்தையும் ஐந்து நிமிடம் முதல் நாமே குறித்துக்கொள்ளலாம். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்து, எட்டே முக்காலுக்கு பஸ் பிடிக்கும் ஆசிரியைக்கு, கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் உட்காரச் சொல்லும் செயலி எதுவும் ஒத்துவராது. இது ஒத்துவரும். திரையைப் பார்க்கவே வேண்டாம், காசும் இல்லை. குறை என்றால் மொழிதான்: அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவர் நிதானமாகப் பேசுகிறார். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாகப் பகலைக் கழித்தவருக்கு அந்த ஆங்கிலத்தைப் பின்தொடர்வதே இன்னொரு பீரியட் எடுத்த மாதிரி ஆகிவிடலாம்.

பெயர்பெற்ற ‘ஹெட்ஸ்பேஸ்’, ‘காம்’ இரண்டும் பளபளப்பில் முன்னே நிற்கின்றன. புத்தத் துறவியாக இருந்த ஆண்டி புடிகோம் 2010-இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ஹெட்ஸ்பேஸ், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆசிரியர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. நம் ஊர் ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை, சந்தா கட்டவேண்டும். என் கேள்விக்கு இரண்டுமே சறுக்குகின்றன. இத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டுவதும், இன்று இன்னும் செய்யவில்லையே என்று நினைவூட்டுவதும் ஆசிரியருக்குத் தெரிந்த வேலைதான். காலையில் வகுப்பில் ஹாஜர் எடுப்பவரிடமே ராத்திரி ஹாஜர் எடுக்கிறது செயலி. தமிழில் வேண்டுமென்றால் ஈஷா 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ‘மிராக்கிள் ஆஃப் மைண்ட்’ இருக்கிறது: ஏழு நிமிடம், தமிழ்க் குரல், கட்டணமில்லை. 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் கொண்டுவந்த ‘ஒய்-பிரேக்’ ஐந்து நிமிட யோகா. தோள்பட்டை சுழற்றலும் மூச்சுப் பயிற்சியும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே செய்யலாம். பிராமரி மூச்சுப் பயிற்சியில் வண்டு போல ரீங்கரிக்கும் இடம் மட்டும் ஸ்டாஃப் ரூமில் சிரிப்பை வரவழைக்கும். அதுவும் நல்லதுதான்.

இனி எதிர்க் கேள்விகள். செயலியை இறக்குகிறவர்கள் அதில் நிற்பதில்லை என்பது முதல் கேள்வி, உண்மையும்கூட. மனநலச் செயலிகள் 93-ஐ எடுத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், முப்பதாம் நாளில் திறந்து பார்க்கிறவர்கள் நூற்றுக்கு மூன்றரைப் பேர்கூட இல்லை. என் வாதத்தின்படி பார்த்தால் இது முழுத் தோல்வி ஆகாது. மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அப்புறம் செயலி எதற்கு? விஸ்கான்சினிலும் நான்கு வாரம் போதுமானதாக இருந்தது. ஆனால் விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் கற்று முடித்தவர்கள் என்று நினைக்க வழியில்லை. சலித்துப்போய் விட்டிருப்பார்கள். அதனால் ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டுவது வீண் செலவு.

இரண்டாவது, மதம். 2025 ஜூனில் கேரளப் பள்ளிகளில் ஜூம்பா கொண்டுவந்தபோது மதத்தின் பெயரால் எழுந்த சச்சரவு நினைவிருக்கும். தியானம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குரு 1888-இல் லிங்கம் நாட்டிய அருவிப்புறம் இதே நெய்யாற்றின்கரை வட்டாரம்தான். ஆனால் செங்கல் சிவபார்வதி கோயிலுக்குப் போகிற ஆசிரியரும், சி.எஸ்.ஐ. சபைக்கோ நெய்யாற்றின்கரை மறைமாவட்டத் தேவாலயத்துக்கோ போகிற ஆசிரியரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்காருகிறார்கள். ஒரு குருவின் குரல் ஒருவருக்கு இதம், அடுத்தவருக்கு நெருடல். தானே தேர்ந்தெடுக்கும்வரை இதில் பிரச்சினை இல்லை. நிர்வாகமோ துறையோ ‘எல்லோரும் இதை இறக்குங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்’ என்று சொல்லும் நாளில் அது இன்னொரு சுற்றறிக்கை ஆகிவிடும். அப்படிச் சொல்லக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொசில்லா நிறுவனம் 2022-இல் ஆராய்ந்த 32 மனநல, பிரார்த்தனைச் செயலிகளில் 28-க்கு அந்தரங்கப் பாதுகாப்பு போதாது என்று எச்சரிக்கை முத்திரை விழுந்தது. தன் பதற்றத்தைப் பற்றிய விவரம் யார் கைக்குப் போகிறது என்பதை ஆசிரியரே முடிவுசெய்யட்டும்.

மூன்றாவது கேள்விதான் கனமானது: நோய் ஓரிடம், மருந்து வேறிடமா? பதற்றத்தின் காரணங்கள் வெளியே இருக்கின்றன. பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணும்போது பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷனோடு ஒரு வேலையும் போகும். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் மிச்சமிருக்கிற, தகுதித் தேர்வு தேறாத ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதை எழுதித் தேறவேண்டும் என்றது 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2016-இல் வைத்த, 150 பிள்ளைகள் வரை தலைக்கு 8 ரூபாய் என்ற மதிய உணவுக் கணக்கு ஆண்டுக்கணக்காக மாறாமல் நிற்க, கைக்காசு போட்டு நடத்திய தலைமையாசிரியர்கள் 2023-இல் உயர் நீதிமன்றம் ஏறினார்கள். இதில் எதற்கும் மூச்சுப் பயிற்சி பதில் இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்த ‘மிரியட்’ ஆய்வில் மனக்கவனப் பயிற்சி முடிந்த கையோடு ஆசிரியர்களின் களைப்பு குறைந்தது. ஒரு வருடத்தில் அந்தக் குறைவு கரைந்துபோனது. நிலைமை மாறாத இடத்தில் அப்படித்தானே ஆகும்? ஆனால் நிலைமை மாறும்வரை ஆசிரியர் தூங்காமல் இருக்கவேண்டும் என்பதும் நியாயமில்லை. சங்கத்தில் போராடுகிறவருக்கும் ராத்திரித் தூக்கம் வேண்டும்.

ஆகவே என் தேர்வு: ஆங்கிலம் தடையில்லாதவருக்கு ஹெல்தி மைண்ட்ஸ், தமிழில் கேட்க, ஈஷாவின் குரல் நெருடாதவருக்கு மிராக்கிள் ஆஃப் மைண்ட், முதுகும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறவருக்கு ஒய்-பிரேக். எதை எடுத்தாலும் முதல் நாளே நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். பயிற்சி நேரத்தில் வாட்ஸ்அப்பும் வாய் திறக்காதபடி போனை மௌனமாக்குங்கள். கண்ணை மூடியதும் படபடப்பு கூடுகிறது, பழைய துயரம் மேலே வருகிறது என்றால் நிறுத்திவிடலாம். சிலருக்குத் தியானத்தில் அப்படி ஆவது உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, வகுப்புக்குப் போகவே பயம் என்ற நிலைக்கு இவற்றில் எதுவும் போதாது. அதற்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணமில்லை. போனை அதன் பழைய வேலைக்கு, ஒரு மனிதரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு, பயன்படுத்தும் ஏற்பாடு அது.