பங்காளிகளின் பாட்டு: ஹிப்-ஹாப் குழுக்கள் விட்டுச்சென்ற சொத்து

‘பங்காளி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம் உண்டு. ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவன் பங்காளி. பிறகு ஒரு சாண் வரப்புக்காகக் கோர்ட்டுப் படியேறுகிறவனும் அவன்தான். ஹிப்-ஹாப் குழுக்களின் ஐம்பதாண்டுக் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்தான் என் மனதில் வந்து நிற்கிறது.

இன்றைய சந்தை ஹிப்-ஹாப்பைத் தனி நட்சத்திரங்களின் கலையாக நமக்குக் காட்டுகிறது. ஆனால் அது பிறந்தபோது தனி ஆளாக யாரும் அதைச் செய்திருக்க முடியாது. இசைத்தட்டு சுழற்ற ஒருவர், மைக் பிடிக்க மூன்று நான்கு பேர், ஸ்பீக்கர் பெட்டி தூக்க ஒரு கூட்டம், ஆட இன்னொரு கூட்டம் எல்லாம் சேர்ந்தால்தான் அது நடக்கும். கூடிச் செய்த அந்த இசையில் யாருக்கு எவ்வளவு பங்கு? குழுக்களை உருவாக்கியதும் உடைத்ததும் இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

இரண்டு தட்டு, ஒரு க்ரேயான்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்ற பெண் அங்கே ஒரு ஆட்ட விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் க்ளைவ். டிஜே கூல் ஹெர்க் என்றால்தான் உலகுக்குத் தெரியும். 1967இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தவர்.

வீட்டுக்காரர்கள் காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீ வைத்த காலம் அது. நகரின் நடுவே வெட்டப்பட்ட விரைவுச்சாலை ப்ராங்க்ஸின் பல தெருக்களை ஏற்கெனவே அழித்திருந்தது. ஹெர்க் அங்கே ஒன்றைக் கவனித்தார். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருந்தார்கள். அந்தப் பகுதிக்கு ‘ப்ரேக்’ என்று பெயர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் ப்ரேக் முடியும்போது மற்றதில் தொடங்கினார் அவர். சில விநாடித் தாளம் பல நிமிடமாக நீண்டது.

அதைச் சாஸ்திரமாக்கியவர் பார்படோஸில் பிறந்த ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த பையன். ப்ரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் க்ரேயானால் கோடு போட்டு வைத்தார். ஒரு தட்டு கூட்டத்துக்காக ஒலிக்கும். இன்னொன்றைக் காதில் ஹெட்ஃபோனோடு விரல் நுனியால் பின்னோக்கித் தள்ளுவார். கோடு எத்தனை முறை ஊசியைக் கடந்தது என்று எண்ணிக்கொண்டு, தாளம் ஒரு இம்மியும் பிசகாமல் அடுத்த தட்டுக்குத் தாவுவார். அதுவரை தட்டைக் கையால் தொடுவதே பாவம். அவரோ அதன் முகத்திலேயே கைவைத்து வாசித்தார். பாட்டு கேட்கும் கருவி அன்று இசைக்கருவியானது.

கூட்டம் ஆடாமல் வாய்பிளந்து அவர் கையையே பார்த்தது. அதை ஆடவைக்கக் குரல் வேண்டியிருந்தது. கவ்பாய், மெல்லி மெல், கிட் க்ரியோல் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். ஐவரானதும் ஃபியூரியஸ் ஃபைவ் என்று பெயர் நிலைத்தது. ஒருவர் தொடங்கிய அடியை இன்னொருவர் வாங்கி, மூன்றாமவர் முடிப்பார். ஐந்து வாய், ஒரே மூச்சு. பின்னால் வந்த எல்லாக் குழுக்களுக்கும் இதுதான் அச்சு.

எழுதியவர் ஒருவர், பேர் வாங்கியவர் ஒருவர்

பங்குச் சண்டை முதல் வெற்றிப் பாட்டிலேயே தொடங்கிவிட்டது. 1979இல் சில்வியா ராபின்சன் என்ற தயாரிப்பாளர் நியூ ஜெர்சியில் மூன்று பேரைச் சேர்த்து சுகர்ஹில் கேங் என்ற குழுவை உருவாக்கினார். தெருவில் வளர்ந்த குழு அல்ல, தட்டுக்காகவே கூட்டப்பட்ட குழு. அவர்களுடைய ‘ராப்பர்ஸ் டிலைட்’தான் ராப் இசையை நாடெங்கும் கொண்டுபோனது. அதில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய அடிகள் ப்ராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய நோட்டுப்புத்தகத்திலிருந்து வந்தவை. காஸ் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் பாடும் இடத்தைக்கூட ஹேங்க் அப்படியே பாடிவிட்டார். தாளம் சிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டினுடையது. அதன் ஆசிரியர்கள் வழக்குப் போடுவோம் என்றதும் அவர்கள் பெயர் பாட்டில் சேர்ந்தது. காஸின் பெயர் சேரவில்லை. வக்கீல் இருந்தவருக்குப் பங்கு, நோட்டுப்புத்தகம் மட்டும் இருந்தவருக்கு இல்லை. இந்தக் கலையின் நீண்ட துயரம் இந்த ஒரே தட்டில் இருக்கிறது.

1982இல் வந்த ‘தி மெசேஜ்’ நகரத்து வறுமையை நேர் கண்ணால் பார்த்துச் சொன்ன முதல் பெரிய ராப் பாட்டு. ஹிப்-ஹாப் வெறும் கேளிக்கை அல்ல என்பதை நிறுவிய பாட்டும் அதுவே. தட்டின் மேல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், ஃபியூரியஸ் ஃபைவ் என்று அச்சிட்டிருந்தது. ஆனால் ராப் முழுவதும் மெல்லி மெல்லும், குழுவில் இல்லாத ட்யூக் பூட்டியும்தான். ஃப்ளாஷின் தட்டு வேலை அதில் இல்லை. மறு ஆண்டே பணக் கணக்கில் குழு இரண்டுபட்டது. 2007இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் ஹிப்-ஹாப் குழு இவர்கள்தான்.

ஊர்ப் பெயர் சொன்னவர்கள்

அடுத்து வந்தவர்கள் தங்கள் பேட்டையின் பெயரை உலக வரைபடத்தில் ஏற்றினார்கள். குவீன்ஸ் பகுதியின் ஹாலிஸ் தெருப் பையன்கள் மூவர் ரன்-டிஎம்சி. ஜோசப் சிம்மன்ஸும் டேரில் மெக்டேனியல்ஸும் ஒரே வரியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துப் பாடுவார்கள். ஜாம் மாஸ்டர் ஜே தட்டுகளோடு பின்னால் நிற்பார். பளபள உடையை உதறிவிட்டு, தெருவில் போடுகிற கறுப்புத் தொப்பியும் கயிறு கட்டாத அடிடாஸ் காலணியுமாகவே மேடையேறினார்கள். 1984இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம்தான் தங்கச் சான்று பெற்ற முதல் ராப் ஆல்பம். 1986இன் ‘ரெய்சிங் ஹெல்’ அமெரிக்காவில் முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

லாங் ஐலண்டின் பப்ளிக் எனிமி அரசியலைக் கொண்டுவந்தது. சக் டியின் குரல் மேடைப் பேச்சாளருடையது. அருகில் ஃப்ளேவர் ஃப்ளேவ், கழுத்தில் பெரிய கடிகாரத்தோடு, விதூஷகனைப் போல அந்தக் கனத்தைத் தாங்கிக்கொடுப்பார். பின்னால் பாம் ஸ்குவாட் என்ற தயாரிப்பாளர் அணி சைரன், பேச்சு, சாக்ஸபோன் கீச்சு என்று துண்டு துண்டாகப் பொறுக்கி அடுக்கி ஒரு சுவரே எழுப்பியது. 1988இல் வந்த இரண்டாவது ஆல்பம் அந்த அடுக்கின் உச்சம். 1989இல் இயக்குநர் ஸ்பைக் லீயின் படத்துக்காக அவர்கள் செய்த ‘ஃபைட் த பவர்’ இன்றும் போராட்டங்களில் ஒலிக்கிறது. அதே ஆண்டு குழுவின் ப்ரொஃபசர் கிரிஃப் யூத வெறுப்புப் பேச்சில் சிக்கியது அவர்கள் மேல் விழுந்த கறை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேற்குக் கரையில் காம்ப்டன் நகரின் என்.டபிள்யூ.ஏ. ஐந்து பேரும் போலீசின் அடாவடியைக் கோபத்தின் மொழியிலேயே பாடினார்கள். 1989இல் எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் அவர்களின் தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் ராட்னி கிங்கை அடித்த காட்சியை நாடே பார்த்தது. மறு ஆண்டு அந்தப் போலீசார் விடுதலையானதும் நகரம் எரிந்தது. இளைஞர்கள் முன்பே பாடியதை ஊர் அப்போதுதான் காதில் வாங்கியது. ஆனால் இந்தக் குழுவின் பாட்டில் பெண்கள் மேல் கொட்டிய வெறுப்பு மன்னிக்கத்தக்கதல்ல. அது வெறும் பாட்டாகவும் நிற்கவில்லை. 1991இல் குழுவின் டாக்டர் ட்ரே, டீ பார்ன்ஸ் என்ற பெண் நிகழ்ச்சித் தொகுப்பாளரைத் தாக்கியது பகிரங்கமானது. குழு உடைந்ததும் பணத்தால்தான். பல பாட்டுகளின் வரிகளை எழுதிய ஐஸ் க்யூப் தன் பங்கு சரியில்லை என்று 1989 முடிவிலேயே வெளியேறினார். 1995இல் எய்ட்ஸ் நோய்க்குக் குழுவின் ஈஸி-ஈ பலியானபோது அவருக்கு வயது 30.

கடன் வாங்கிய ஒலிக்கு யார் சொந்தக்காரர்?

பங்காளிச் சண்டை குழுவுக்குள் மட்டும் நடக்கவில்லை. லாங் ஐலண்டின் அமிட்டிவில் ஊர்ப் பிள்ளைகள் மூவர், டி லா சோல். தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலோடு சேர்ந்து 1989இல் வெளியிட்ட ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ ஆல்பத்தில் பாட்டியின் பெட்டியைத் திறந்ததுபோல ஆயிரம் பழைய ஒலிகள். வீறாப்பு இல்லாமல், விளையாட்டும் கனிவுமாக ராப் பாடலாம் என்று காட்டிய ஆல்பம் அது. அதில் ஒரு நிமிடம் போல ஓடும் சின்னத் துண்டு ஒன்றில், டர்ட்டில்ஸ் குழுவின் 1960களின் பாட்டை மெதுவாக ஓடவிட்டு, மேலே பிரெஞ்சு மொழிப் பாடத் தட்டை வைத்திருந்தார்கள். டர்ட்டில்ஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அதே காலத்தில் 1991இல், ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிள், அதாவது பிறர் பாட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு, திருட்டே என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகு பாம் ஸ்குவாட் பாணியில் டஜன் கணக்கில் ஒலிகளை அடுக்குவது காசுக்குக் கட்டுப்படியாகாமல் போனது. ஒரு நீதிமன்ற மேசை ஒரு கலை நடையையே மாற்றிவிட்டது.

இரு பக்கமும் நியாயம் உண்டு. முன்னோர் வாசித்த தாளத்துக்குக் கூலி கிடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கூலி பெரும்பாலும் வாசித்தவரிடம் போகாமல் பதிப்புரிமை வைத்திருந்தவரிடம் போனது. டி லா சோலின் ஆரம்பகால ஆல்பங்கள் இந்தச் சிக்கலால் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏறாமலேயே கிடந்தன. 2023 மார்ச் 3 அன்றுதான் ஏறின. குழுவின் டேவிட் ஜோலிகோர், ட்ரூகாய் என்று அறியப்பட்டவர், பிப்ரவரி 12 அன்று காலமாகியிருந்தார். இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

பெண்களின் பங்கு

முதல் பெண் குழுக்களில் ஒன்றான தி சீக்வென்ஸ், ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்த 1979லேயே தட்டு வெளியிட்டுவிட்டது. பெரிய கதவைத் திறந்தவர்கள் குவீன்ஸின் சால்ட்-என்-பெப்பா: செரில் ஜேம்ஸ், சாண்ட்ரா டென்டன், டிஜே ஸ்பிண்டரெல்லா. முதலில் ஆண் தயாரிப்பாளர் எழுதியதைப் பாடினார்கள். 1990 வாக்கில் செரில் ஜேம்ஸ் தானே எழுதி, தானே தயாரிக்கத் தொடங்கினார். உடலையும் ஆசையையும் பாதுகாப்பையும் பெண் குரலில் வெளிப்படையாகப் பேசினார்கள். ஒரு பாட்டை எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக மாற்றியும் பாடினார்கள். 2025இல், பழைய மூலப் பதிவுகளைத் திருப்பித் தரச் சொல்லித் தங்கள் இசை நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். நாற்பதாண்டு கழித்தும் கேள்வி மாறவில்லை.

பாகம் பிரித்தும் பிரியாதவர்கள்

இந்தக் கேள்விக்கு மிகப் புத்திசாலித்தனமான பதில் ஸ்டேட்டன் தீவிலிருந்து வந்தது. வூ-டாங் க்ளான், ஒன்பது பேர். சீனத் தற்காப்புக்கலைப் படங்கள் பார்த்து, சதுரங்கம் ஆடி வளர்ந்தவர்கள். ஐந்து வருடம் என் சொல்லைக் கேளுங்கள் என்று அவர்களின் தலைவர் ஆர்.இசட்.ஏ. மற்றவர்களிடம் கேட்டார். லவுட் ரெக்கார்ட்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு புதுமை இருந்தது: குழு இந்த நிறுவனத்துக்கு, உறுப்பினர்கள் தனித்தனியே யாரோடு வேண்டுமானாலும் போகலாம். 1993 நவம்பரில் முதல் ஆல்பம். அடுத்த மூன்று ஆண்டுக்குள் மெத்தட் மேன், ஓல்’ டர்ட்டி பாஸ்டர்ட், ரேக்வான், ஜிஸா, கோஸ்ட்ஃபேஸ் கில்லா ஐவரின் தனி ஆல்பங்களும் வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வந்தன. ஒவ்வொன்றிலும் மற்ற பங்காளிகளின் குரலும் ஆர்.இசட்.ஏ.யின் இசையும் இருந்தன.

‘புரொடெக்ட் யா நெக்’ பாட்டைக் கேளுங்கள். பல்லவி என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டா டெக் தொடங்கி ஜிஸா முடிக்கும்வரை எட்டுக் குரல்கள் வரிசையாக மைக்கை வாங்குகின்றன. ஒன்று கத்தி, ஒன்று களிமண், ஒன்று குடித்தவன் பாட்டு. ஒன்றைப்போல் ஒன்றில்லை. கூட்டாக இருப்பதற்குத் தன் குரலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாட்டும் எனக்குச் சொன்னதில்லை. இவர்களுக்குள்ளும் பின்னாளில் பணக் கணக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆனாலும் பெயர் உடையவில்லை.

அமெரிக்காவின் தெற்கு தன் பங்கைக் கேட்டது 1995இல். நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இருவரும் மேடையேறியபோது கூட்டம் ஊளையிட்டது. தெற்குக்கும் சொல்வதற்கு உண்டு என்று அவர்களில் ஒருவரான ஆந்த்ரே நிதானமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். 2004இல் அவர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றார்கள்.

தன் ஊரின் குரலிலேயே பாடும் அந்த வழியில்தான் இந்த வடிவம் கடல் கடந்தது. மலேசியாவில் பொயட்டிக் அமோ குழுவில் தொடங்கிய யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தமிழில் தந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதியை எதிர்த்துப் பாடியது. வட்டார மொழியும் கூட்டுக் குரலும் ஒரு பேட்டைக்குப் போதும் என்ற நம்பிக்கைதான் ப்ராங்க்ஸ் தந்த சீதனம்.

இன்று ஒரு மடிக்கணினி போதும், ஒருவரே எல்லாம் செய்யலாம், குழுக்கள் அருகிவிட்டன. பங்கு பிரிக்கும் தலைவலி இல்லை. ஆனால் பங்கு வைக்க ஆளில்லாத வீட்டில் சிரிப்பும் குறைவுதான்.

குவீன்ஸில் பிறந்த எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட், சண்டையிட்டுப் பிரிந்து நெடுங்காலம் கழித்து 2015இல் மறுபடி பதிவுக்கு உட்கார்ந்தது. கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது, எல்லாரும் ஒரே அறைக்கு வந்து பாட வேண்டும் என்று குழுவின் க்யூ-டிப் பிடிவாதமாக இருந்தார். வேலை முடியுமுன்னே, 2016 மார்ச்சில், அவருடைய பங்காளி ஃபைஃப் டாக் நீரிழிவால் இறந்தார். நவம்பரில் ஆல்பம் வந்தது. மறுநாள் தொலைக்காட்சி மேடையில் நண்பர்கள் பாடினார்கள். ஃபைஃபின் அடி வந்தபோது அவர் முகம் வரைந்த பெரிய திரை மேலிருந்து இறங்கியது. பதிவிலிருந்த அவர் குரலே ஒலித்தது. இறந்தவனின் பங்கை அவனுக்கே எடுத்து வைத்திருந்தார்கள்.