கூழைக்கடாவின் சுயசரிதை

ஆல்பர்ட் ஷ்வைட்சரை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது திருக்குறள் மேடை. இந்தியச் சிந்தனையைப் பற்றி 1935இல் எழுதிய நூலில் அவர் குறளைப் பாராட்டியிருப்பது நம் பேச்சாளர்கள் கைவிடாத செய்தி. இரண்டாவது அறிமுகம் புகைப்படங்கள் வழியாக. ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டு லம்பரேனேயில், அடர்ந்த மீசையோடு ஒரு முதியவர். அவரைச் சுற்றி மான், கூழைக்கடா, குரங்குக் குட்டி. வாயில்லா ஜீவன்களுக்கும் இடம் கொடுத்த மருத்துவமனை என்று நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் கேள்வி வந்தது: அந்தக் குரங்குக் குட்டிக்குப் பால் புகட்டியது யார்? அது நாசமாக்கிய துணியைத் துவைத்தது யார்?

கேள்வி வந்ததற்கு என் வீடுதான் காரணம். தெருவில் கிடக்கும் எந்த உயிரையும் அப்பா தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். காலொடிந்த நாய் வரும், தாயில்லாத ஆட்டுக்குட்டி வரும். ஊர் அவரை இரக்கமுள்ள மனிதர் என்றது. கஞ்சி ஊற்றியதும் மூத்திரம் கழுவியதும் அம்மா. அம்மாவை இரக்கமுள்ளவள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் செய்ததற்கு வீட்டு வேலை என்று பெயர்.

அந்த நினைவோடு ஷ்வைட்சரின் நூல்களில் அவர் மனைவியைத் தேடினேன். 1931இல் வெளியான சுயசரிதையில், 1912இல் ஹெலன் ப்ரெஸ்லாவை மணந்த செய்தி வருகிறது. அவர் இன்ன வரலாற்றாசிரியரின் மகள், கையெழுத்துப் படிகளையும் அச்சுப்படிகளையும் சரிபார்க்க உதவியவர் என்கிற அளவில் அறிமுகம் முடிந்துவிடுகிறது. அந்த மகள் திருமணத்துக்கு முன்பே ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அநாதைக் குழந்தைகளைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர். திருமணமாகாத தாய்மார்களுக்கு ஓர் இல்லம் அமைய உழைத்தவர். செவிலியர் பயிற்சியும் பெற்றவர். கணவரைப் பின்தொடர்ந்து ஆப்பிரிக்கா போனவர் என்று அவரைச் சொல்வது பாதி உண்மை. இருவரும் சேர்ந்து திட்டமிட்டுப் போன வேலை அது.

1913 ஏப்ரலில் லம்பரேனேயில் இறங்கினார்கள். பிரசங்கம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பாரிஸ் மிஷன் ஷ்வைட்சரை ஏற்றிருந்தது. கோழிக்கூண்டாக இருந்த கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து முதல் மருத்துவமனை ஆக்கினார்கள். அங்கே ஹெலன் என்ன செய்தார் என்பதை ஷ்வைட்சரே 1921இல் வந்த நூலில் பட்டியலிடுகிறார்: கடுமையான நோயாளிகளைக் கவனிப்பது, கட்டுத்துணிகளுக்குப் பொறுப்பு, கருவிகளைச் சுத்தமாக வைப்பது, அறுவைக்கு ஆயத்தம் செய்வது, மயக்க மருந்து கொடுப்பது. பட்டியல் முடிந்ததும் வியக்கிறார்: இத்தனை சிக்கலான ஆப்பிரிக்கக் குடித்தனத்தையும் நடத்திக்கொண்டு மருத்துவமனைக்கும் நேரம் ஒதுக்குகிறாளே! குடித்தனம் அவளுடையது, மருத்துவமனை அவனுடையது என்று முதலிலேயே பிரித்துவிட்டால் இது வியப்பாகத்தான் தெரியும்.

போர் வந்ததும் நிலைமை மாறியது. பிரெஞ்சுக் காலனியில் ஜெர்மானியக் குடிமக்கள் என்பதால் இருவரும் காவலில் வைக்கப்பட்டார்கள். உணவுத் தட்டுப்பாட்டில் குரங்கிறைச்சி சாப்பிட்டதை ஷ்வைட்சர் எழுதியிருக்கிறார். ஆட்டிறைச்சி போல, கொஞ்சம் இனிப்பாக இருக்குமாம். பிற்காலப் படங்களில் செல்லமாக உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். எந்த உயிர் செல்லம், எந்த உயிர் குழம்பு என்பதைக் கொள்கை மட்டும் முடிவு செய்வதில்லை. அடுக்களையின் நிலைமையும் முடிவு செய்கிறது.

அந்தக் கொள்கை பிறந்த கதையும் புகழ்பெற்றது. 1915 செப்டம்பரில் ஒகோவே ஆற்றில் படகில் போகும்போது, அந்தி நேரத்தில் நீர்யானைகளுக்கு நடுவே, உயிரைப் போற்றுதல் என்ற சொல் அவருக்குள் பளிச்சிட்டது. அவர் ஏன் அந்தப் படகில் இருந்தார்? ஹெலனின் உடல்நலத்துக்காகக் கடற்கரைக்கு வந்து தங்கியிருந்த இடத்திலிருந்து, ஆற்றின் மேற்பகுதியில் நோயுற்றிருந்த இன்னொரு மிஷனரியின் மனைவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். நோயுற்ற இரண்டு பெண்களுக்கு நடுவே நிகழ்ந்த பயணம் அது. நீர்யானைகள் தத்துவத்துக்குள் போய்விட்டன. பெண்கள் பயணத்துக்கான காரணமாக மட்டும் நின்றுவிட்டார்கள்.

1917இல் அவர்களை பிரான்சுக்குக் கொண்டுபோய் முகாம்களில் அடைத்தார்கள். 1919இல் மகள் ரேனா பிறந்தாள். ஹெலனைக் காசநோய் பிடித்துக்கொண்டது. 1924இல் ஷ்வைட்சர் லம்பரேனேக்குத் திரும்பினார். ஹெலன் ஐந்து வயது மகளோடு ஜெர்மனியில் தங்கிவிட்டார். தன்னைப் போக விட்ட தியாகத்துக்காக மனைவிக்கு நன்றி சொல்கிறார் ஷ்வைட்சர். நன்றியில் பொய் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் கவனியுங்கள், அறுவை அறையில் நின்றவருக்குக் கடைசியில் கிடைத்த பெருமை வழிவிட்டதற்கானது. 1937இல் அதே பெண் அமெரிக்காவுக்குப் போய், உரையாற்றி மருத்துவமனைக்காக ஆதரவு திரட்டினார். யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதால் ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவில் ஆபத்து. 1941இல், போருக்கு நடுவே, அறுபதைத் தாண்டிய வயதில் அங்கோலா வழியாக லம்பரேனே போய்ச் சேர்ந்தார்.

1950இல் ஒரு புத்தகம் வந்தது. லம்பரேனேயின் கூழைக்கடா தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக ஷ்வைட்சர் எழுதியது. படங்கள் எடுத்தவர் அங்கே பணியாற்றிய பெண் மருத்துவர் அன்னா வில்டிகன். கூழைக்கடாவை 'நான்' என்று பேசவைக்க அவரால் முடிந்திருக்கிறது. ஹெலனின் குரல் பொதுவெளிக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. திருமணத்துக்கு முன் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் நூலானது 1992இல், அவர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஹெலனுக்காக வாதாடும்போது நானும் ஒரு தவறு செய்துவிடலாம். அவர் வெள்ளைக்கார எஜமானி. ஆப்பிரிக்கர் தனக்குச் சகோதரர், ஆனால் தான் மூத்த சகோதரன் என்று சொன்னவரின் வீட்டை நிர்வகித்தவர். அந்த மருத்துவமனையில் நோயாளிகளோடு குடும்பமும் வந்து தங்கும். அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ளும். ஷ்வைட்சரின் நூலில் உதவியாளர் ஜோசப்புக்குப் பெயர் இருக்கிறது. அடுப்பு ஊதிய பெண்களில் ஒருவர் பெயரும் என் நினைவில் தங்கவில்லை. பலதார மணத்தைப் பற்றியும் பெண்ணுக்கு விலை கொடுத்து மணப்பதைப் பற்றியும் ஷ்வைட்சர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்த மணங்களுக்குள் வாழ்ந்த பெண் என்ன நினைத்தாள் என்பது அதில் எனக்குக் கிடைக்கவில்லை. கூழைக்கடாவின் கதை, ஷ்வைட்சரின் கதை, ஹெலனின் கடிதங்கள் என்று எண்ணிக்கொண்டு போனால், அதற்குப் பிறகும் வரிசை நீள்கிறது.

ஹெலன் 1957இல் இறந்தார். அவருடைய அஸ்தி லம்பரேனேயில் புதைக்கப்பட்டது. ஷ்வைட்சரும் 1965இல் அங்கேயே அடக்கமானார். இனி ஏதாவது மேடையில் குறளைப் பாராட்டிய மேல்நாட்டு அறிஞரின் இரக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால், அந்த ஆட்டுக்குட்டி என்னவாயிற்று என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். இத்தனை வருடங்களில் நான் அதைக் கேட்டதே இல்லை.