திறக்கும் கதவுகள்

துப்பறியும் கதையைப் பற்றி எழுத நம்மில் பலருக்குக் கூச்சம். படிக்கிறோம், பார்க்கிறோம், ஆனால் பேச்சோடு விட்டுவிடுகிறோம். எனக்கும் இந்தக் கூச்சம் உண்டு. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரின் 33 படங்களையும் (1987–2000) ஒரு முறைக்கு மேல் பார்த்தவன் நான். அலுவலக வேலையாக லண்டன் போக நேர்ந்தபோது, கிடைத்த ஒரே ஓய்வு நாளில் அவை படமாக்கப்பட்ட இடங்களைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலேறினேன். அந்த ஒரு நாள், தொடரைப் பற்றிய என் கணிப்பை மாற்றிவிட்டது.

காலின் டெக்ஸ்டரின் நாவல்களில் மோர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வந்து பட்டம் பெறாமல் வெளியேறியவன். பிறகு அதே கல்லூரிகளுக்குள் போலீஸ் அதிகாரியாக நுழைகிறான். தொடரின் ஆதாரமான கிளர்ச்சி இதில்தான் இருக்கிறது. தோற்று வெளியே போனவன் இப்போது யாரும் தடுக்க முடியாதவனாக உள்ளே நடக்கிறான். நடிகர் ஜான் தாவின் நடையில் பாதி அதிகாரம், பாதி பழைய காயம்.

வீட்டு நாற்காலியில் இருந்து பார்த்த வரையில் இது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கல்லூரி வாசலில் உறைத்தது. அன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்று பலகை. வளைவுக்கு அப்பால் புல்வெளியின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. வாசற்காவலர் மரியாதையாகவே சொன்னார். தொடரிலும் வாசற்காவலர்கள் வருகிறார்கள். ஆனால் வழி சொல்ல வருகிறார்கள், வழி மறிக்க அல்ல. மோர்ஸ் தெருவில் இருப்பான், அடுத்த ஷாட்டில் முற்றத்தில் இருப்பான். நடுவிலுள்ள வாசலை எடிட்டிங் விழுங்கிவிடும். குற்றவாளி பிடிபடுவான் என்பதைவிட, எல்லாக் கதவுகளும் திறக்கும் என்பதுதான் இவ்வகைக் கதை நமக்குத் தரும் பெரிய ஆறுதல் என்று தோன்றியது.

அந்தக் காமிரா திறக்க விரும்பிய கதவுகளும் பெரும்பாலும் தேன்நிறக் கல் கட்டிடங்களுடையவையே. நகரின் கிழக்கே கௌலியில் 1913 முதல் கார்கள் தயாராகின்றன. தொடரை மட்டும் பார்த்தவனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஒரு தொழிலாளர் நகரமும்கூட என்ற பிரக்ஞை வர வழியில்லை. கடைசிப் படத்தில் (2000) மோர்ஸ் எக்ஸிடர் கல்லூரி முற்றத்தில் நிலைகுலைந்து விழுகிறான். உள்ளே நுழையும் உரிமை வேறு, உள்ளே இடம் கிடைப்பது வேறு என்பதைத் தொடர் ஒப்புக்கொண்ட இடம் அது. அங்கே அது கலையைத் தொட்டது.

பிறகு ஜெரிகோ பகுதிக்கு நடந்தேன். 'த டெட் ஆஃப் ஜெரிகோ' நாவலில் (1981) கனால் ரீச் என்று பெயர் மாறி வரும் தெரு, நிஜத்தில் கூம் ரோடு. கால்வாய்ப் பக்கம் போய் முட்டி நிற்கும் சின்னத் தெரு; ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். கதையில் ஒரு பெண் தனியே செத்துக் கிடந்தது இங்கேதான். இந்தத் தெருவுக்கு வாசற்காவலர் கிடையாது. நடைபாதைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், திரையை இழுத்துவிட்டார்.

கல்லூரி என்னை நிறுத்தியபோது எனக்கு லேசான கோபம் வந்தது. இங்கே வந்தது வெட்கம். அந்த வீட்டுக்குள் பார்க்க மோர்ஸுக்கு ஒரு மரணம் காரணமாக இருந்தது. என்னிடம் இருந்த காரணம் ரசனை மட்டும்தான்.

நம் விமர்சனத்திலும் இந்த இரண்டையும் பார்க்கிறேன். ஒரு படைப்பு முழுவதும் நமக்குத் திறந்தாக வேண்டும் என்ற மமதை நமக்கு இருக்கிறது. திறக்காத கவிதை முன் கோபப்படுகிறோம். பிறகு எழுதியவனின் வீட்டு ஜன்னலுக்குப் போய், அவன் குடும்பம், கடன், குடி எல்லாவற்றையும் துப்புத் துலக்கிக்கொண்டு வந்து, கவிதை பிடிபட்டுவிட்டது என்று எழுதுகிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். கவிதையின் வாசலிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். புல்வெளியின் ஒரு துண்டாவது தெரிந்திருக்கும்.