துறவினின்று அன்புக்கு: நாவுக்கரசர் பாடல்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிவரும் சங்கராபரணி, வில்லியனூர், உறுவையாறு முதலிய ஊர்கள் அமைந்த பகுதியை வளப்படுத்திப் புதுவைக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. அவ்வாறு தோன்றும் செஞ்சிப் பகுதியில் திருநாதர்குன்று என்னும் பாறை உள்ளது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தமையைக் கூறும் பழங்கல்வெட்டு அங்கே காணப்படுகின்றது. உறுவையாற்றினின்று தெற்கு நோக்கிச் சென்றால் ஒரு பகல் நடையில் திருப்பாதிரிப்புலியூரை அடையலாம். காஞ்சிச் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 458-இல், சர்வநந்தி 'உலோகவிபாகம்' இயற்றிய பாடலிகை இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதற்கு மேற்கே கெடிலக்கரையில் திருவதிகை உள்ளது. இச்சிறு நிலப்பரப்பிலேதான், கடுமையான ஒரு துறவுநெறியில் புகுந்து, அதன் தலைமையும் பெற்று, பின்னர் அதனைவிட்டு நீங்கிய ஒருவரின் வாழ்வு திரும்பியது. அவரே திருநாவுக்கரசர்.

நாவுக்கரசரின் மதமாற்றத்தை இருவகையாக விளக்குதல் நம்மிடை வழக்கம். சமயநூல் வல்லார் அதனைச் சைவத்தின் வெற்றியாகக் கூறுவர். வரலாற்றாசிரியர் பலர் அதனைப் பல்லவர் அரசியலோடும் நிலவுடைமையாளரின் எழுச்சியோடும் பொருத்திக் காண்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இரண்டிலும் நாவுக்கரசர் ஒரு பேரியக்கத்தின் கருவியாகவே நிற்கின்றார். பல்லாண்டு பயின்ற ஒழுக்கத்தைத் துறந்து வெளிவந்த ஒரு மனிதர் அன்பு, நம்பிக்கை, ஆன்மிகம் ஆகியவற்றைப் பற்றி என்ன எண்ணினார் என்னும் வினா அங்கே எழுவதில்லை. அவ்வினாவை அவர்தம் பாடல்களைக் கொண்டே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சான்றுகளின் நிலை

நாவுக்கரசரின் வாழ்க்கையை விரித்துரைப்பது சேக்கிழாரின் பெரியபுராணம். அது 12-ஆம் நூற்றாண்டினது. நாவுக்கரசரோ 7-ஆம் நூற்றாண்டினர். இடையில் ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. ஆகவே, புராணம் கூறுவதனையும் பதிகம் கூறுவதனையும் வேறுபடுத்திக் காண்டல் இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். கல்லோடு பிணித்துக் கடலில் இட்ட செய்தியைப் புராணம் நடந்த நிகழ்ச்சியாகவே உரைக்கின்றது. அதற்குரியதாகக் காட்டப்பெறும் நமச்சிவாயப் பதிகத்திலோ அச்செய்தி, 'அவ்வாறு செய்தாலும்' என்னும் பொருள்பட, நிபந்தனை வாய்பாட்டில் அமைந்துள்ளது. அதுகொண்டு மட்டும் அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை எனத் துணிதலும் பொருந்தாது. நஞ்சு கலந்த பாற்சோறு பற்றித் திருநனிபள்ளிப் பதிகத்தில் அவரே நேராகக் குறிக்கின்றார். ஆனால் நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாக வகுக்கப்பெற்ற 312 பதிகங்களையும் ஒருசேர நோக்குவார்க்கு, தாம் பட்ட துன்பத்தினும் தாம் செய்த பிழையையே அவர் மிகுதியாகப் பேசுகின்றார் என்பது புலனாகும்.

நான்காம் திருமுறையின் ஐந்தாம் பதிகமாகிய திருவாரூர்ப் பதிகம் இதற்குத் தக்க சான்று. விளக்கு இருக்கவும் மின்மினியின் ஒளியிற் குளிர்காய முயன்றமை, கரும்பை விட்டு இரும்பைக் கடித்து இளைத்தமை, ஆளில்லாத ஊரில் பிச்சைக்குச் சென்றமை, இருண்ட அறையில் மலட்டுப் பசுவைக் கறந்தமை என உழவர் வீட்டு வழக்கிலிருந்து எடுத்த உவமைகள் அதில் அடுக்கி வருகின்றன. இவ்வுவமைகள் எல்லாவற்றிலும் எழுவாய் 'யான்' என்பதே. மின்மினியைக் காட்டி ஏமாற்றியவர் இன்னார் எனும் குற்றச்சாட்டு உவமைக்குள் இடம்பெறவில்லை. தம்மை வருத்தியவரைப் பழித்தலினும், தாம் ஏன் அங்கே சென்றோம் என்பதனை ஆராய்தலே இப்பதிகத்தின் உயிர்நிலை எனக் கருதுகின்றோம்.

2. மறவாமை என்னும் சிக்கல்

நெறியினின்று நீங்கியபின் முதலிற் பாடியதாகக் கொள்ளப்பெறும் திருவதிகைப் பதிகத்தில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. சூலைநோயின் கொடுமையைக் கூறும் அப்பதிகத்தில், நீரும் பூவும் தூபமும் கொண்டு வழிபடுதலையும் தமிழிசை பாடுதலையும் தாம் ஒருபோதும் மறந்ததில்லை என நாவுக்கரசர் உரைக்கின்றார். நேற்றுவரை தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியில் இருந்தவர் இவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

முற்பிறவி நினைவு என்று கூறி இதனைக் கடந்துவிடுவாரும் உளர். அவ்விளக்கம் வேண்டா என்பது நம் கருத்து. ஒரு நெறியை விட்டு வெளிவருவார் தம் கடந்தகாலத்தைப் புதிதாகப் படித்துப் பார்க்கின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் தாம் அறிந்து செய்தவற்றிற்கு அடியில், அறியாமலே தொடர்ந்துவந்த ஓர் உணர்ச்சியை அப்பொழுது காண்கின்றனர். 'மறந்ததில்லை' என்பது செயலைப் பற்றிய வாக்குமூலம் அன்று. உள்ளத்தின் அடியாழத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு.

சேக்கிழார் இதனை நன்குணர்ந்தவர் என்பதற்குத் திலகவதியாரின் வரலாறே சான்று. மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாய்ந்தபின் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின்பொருட்டு உயிர்தாங்கினார். தம்பியோ அவ்வன்பை விட்டுச் சமணத் துறவை மேற்கொண்டார். நோயுற்றவிடத்து அவர் ஆளனுப்பியும் தமக்கையார் பள்ளிக்கு வர மறுத்துவிட்டார். பாயுடையையும் உறியிற் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, இரவில் ஒருவரும் அறியாவண்ணம் தம்பி வந்து சேர்ந்தார். இங்கே இருவகைத் துறவு எதிரெதிர் வைக்கப்பெறுகின்றன. ஒன்று உறவை அறுத்த துறவு. மற்றொன்று உறவின்பொருட்டே உலகின்பத்தைத் துறந்த துறவு. நாவுக்கரசர் மீண்டது துறவினின்று இல்வாழ்க்கைக்கு அன்று. முன்னதினின்று பின்னதற்கு என்பது கருதத்தக்கது.

3. உடம்பு பற்றிய புதுநோக்கு

தலைமயிர் பறித்தல், நீராடாமை, நின்றபடியே கையில் உண்ணுதல் ஆகிய ஒழுக்கங்களைத் தாம் மேற்கொண்டமை பற்றி நாவுக்கரசர் பலவிடத்தும் வருந்திக் கூறுகின்றார். இவையெல்லாம் உடம்பை அடக்கும் வழிகள். அவர் பாடிய திருவங்கமாலையோ தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை எனத் தம் உறுப்புகளை ஒவ்வொன்றாக விளித்து வழிபட அழைக்கின்றது. முதற்கண் அழைக்கப்பெறுவது தலை. மயிர் பறித்துப் புண்பட்ட தலையே முதலில் அன்பிற்கு உரிமை பெறுகின்றது என்று இதனைப் படித்தால், அது வெறும் தோத்திரமாக இராது. ஒறுக்கப்பட்ட உடம்போடு செய்துகொண்ட உடன்பாடாகத் தோன்றும். கோயில் முற்றத்தில் புல்செதுக்க அவர் ஏந்திய உழவாரமும் இக்கருத்தின் தொடர்ச்சியே. உடம்பு ஒறுத்தற்குரிய பகை என்னும் நிலை மாறி, பணிசெய்தற்குரிய துணை ஆயிற்று.

4. விருப்பு என்னும் வித்து

சமணநெறியில் பற்றே வினைக்கட்டின் வேர். அதனைக் களைதலே வீட்டிற்கு வழி. இதனைப் பயின்றவர் பாடிய தனித்திருநேரிசை ஒன்று உள்ளத்தை வயலாக உருவகிக்கின்றது. அங்கே மெய்ம்மை உழவு, பொய்ம்மை களை, பொறை நீர். வித்தோ விருப்பு. களையாகப் பிடுங்கப்பட வேண்டியது என்று முன்னர்க் கற்றதனையே வித்தாக விதைக்கின்றார். இவ்வொரு மாற்றத்தில் அவர்தம் சிந்தனைப் புரட்சி முழுதும் அடங்கியுள்ளது எனலாம்.

இக்கருத்து ஆறாம் திருமுறையின் திருவாரூர்த் தாண்டகம் ஒன்றில் அகத்திணை வடிவம் பெறுகின்றது. ஒரு பெண் தலைவனின் பெயரைக் கேட்கின்றாள், அவன் இயல்பையும் ஊரையும் கேட்கின்றாள், பித்துக் கொள்கின்றாள், தாய்தந்தையரை நீங்குகின்றாள், உலக வழக்கத்தை விடுகின்றாள், தன்னையும் தன் பெயரையும் இழக்கின்றாள். துறவி துறப்பன யாவற்றையும் இவளும் துறக்கின்றாள். ஆயின் எதனையும் வெறுத்துத் துறக்கவில்லை. ஒருவன்மேற் கொண்ட காதல் நிறைந்தமையால் பிற தாமே நழுவின. துறவின் பயனைத் துறவின் வழியிலன்றிக் காதலின் வழியில் அடைதல் இயலும் என்பது இத்தாண்டகத்தின் துணிவு.

திருவையாற்றுப் பதிகம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. கயிலை காண விரும்பிச் சென்றவர் ஐயாற்றில் கண்டவை பிடியொடு களிறும், பெடையொடு கோழியும், குயிலும் மயிலும் கிளியும் இணையிணையாக வருதலே. இவ்விணைகளையே இறைவன் திருவுருவாக அவர் கொண்டார். பெண்மையை அஞ்சி விலகும் ஒழுக்கத்திற் பயின்ற ஒருவர், விலங்கும் பறவையும் கொள்ளும் காதலில் கடவுளைக் கண்டார் என்பது தமிழ்ச் சமய இலக்கியத்தில் எளிதாகக் கடந்துசெல்லத்தக்கது அன்று.

5. புதிய நெறியையும் வினாவுதல்

ஒரு கட்டுப்பாட்டை விட்டவர் மற்றொரு கட்டுப்பாட்டுள் அடைபடுதல் உலகில் மிகுதி. நாவுக்கரசர் அவ்வாறு அடைபட்டாரா? பாவநாசத் திருக்குறுந்தொகை இதற்கு விடை தருகின்றது. கங்கையிலும் காவிரியிலும் நீராடுதல், வேதம் ஓதுதல், நோன்பிருத்தல் முதலியன இறைவன் எங்கும் உளன் என்னும் உணர்வு இல்லார்க்குப் பயன்படா என்கின்றது அது. இவை சமணர் செயல்கள் அல்ல. தாம் வந்துசேர்ந்த வைதிகச் சைவத்தாரின் செயல்கள். திருமாற்பேற்றுக் குறுந்தொகை கோத்திரமும் குலமும் பேசுவாரைக் கடிகின்றது. தொழுநோயால் உடல் குறைந்து ஆவுரித்துத் தின்பவரேயாயினும், சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுள் என்று தனித்தாண்டகம் ஒன்றில் கூறுகின்றார். நம்பிக்கையின் அளவுகோல் ஆசாரத்தினின்று அன்பிற்கு இடம்பெயர்ந்தமை இவற்றால் விளங்கும்.

6. எதிர்வாதமும் எஞ்சியதும்

இங்ஙனம் கூறுதல் சமணத்தை அன்பிலா நெறியெனத் தூற்றுதல் ஆகாதோ என வினவலாம். அது நம் கருத்தன்று. காதலையும் இசையையும் சீவகசிந்தாமணியில் விரித்துப் பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவரே. உயிரிரக்கத்தில் அந்நெறியினும் மேம்பட்டது காண்டல் அரிது. ஒரு பள்ளியின் ஒழுக்கம் ஒருவர் உள்ளத்திற்கு ஒவ்வாமற் போயிற்று என்பதே நாம் கூறுவது.

நாவுக்கரசரிடம் கடுமொழி இல்லை என்றும் நாம் சாதிக்க முற்படோம். பழையாறை வடதளிப் பதிகம் சமணர் அழிவைப் போற்றுகின்றது. அன்பைப் பாடிய நாவில் அச்சொற்கள் வந்தமையை மறைப்பது ஆராய்ச்சி ஆகாது. மறைக்கப்பெற்ற சிவனைக் காணும்வரை அவ்வூரில் அவர் உண்ணாதிருந்தார் என்பர் சேக்கிழார். பழைய பள்ளியை எதிர்க்கவும் அப்பள்ளி பயிற்றிய உண்ணாநோன்பே அவருக்குக் கருவியாயிற்று. யாக்கை நிலையாமையையும் ஐம்புலன்களின் கொடுமையையும் அவர் பாடும்பொழுதெல்லாம் பள்ளியிற் பயின்ற குரலும் உடன் ஒலிக்கின்றது. நெறியை விடுதல் எளிது. அது உள்ளத்தில் இட்ட வரிகளை அழித்தல் அரிது.

மேலைநாட்டில் அகுஸ்தீனார் ஒன்பதாண்டளவு மானிகேய நெறியில் இருந்து, பின் அதனை நீங்கிக் கி.பி. 386-இல் கிறித்தவராக மாறித் தம் வரலாற்றை எழுதினார். ஒருவர்க்குத் தாயின் அன்பும் மற்றவர்க்குத் தமக்கையின் அன்பும் வழிகாட்டின. ஆயின் அகுஸ்தீனார் வாழ்வை வரலாறாகத் தொகுத்துரைத்தார். நாவுக்கரசர் ஊர்தோறும் நடந்து, தனித்தனிப் பதிகங்களில் சிதறவிட்டார். அதனால் அவர் சிந்தனை முடிந்த முடிபாக அமையாது, ஒவ்வோர் ஊரிலும் மீண்டும் தொடங்குவதாகவே உள்ளது.

முடிவுரை

நாவுக்கரசரைச் சமயவெற்றியின் கொடியாக மட்டும் மாணவர்க்குக் கற்பித்தால், அவர்தம் தயக்கமும் நாணமும் தேடலும் மறைந்துபோம். அவ்வாறு கற்பித்தவருள் நாமும் ஒருவரே. பிறந்த நெறியையோ புகுந்த நெறியையோ விட்டு நீங்கி, இனி எதனை நம்புவது, எவரை அன்பு செய்வது என்று மயங்குவார் இன்றும் உளர். அவர்க்குப் பாதிரிப்புலியூர்ப் பள்ளியினின்று இரவில் வெள்ளாடையோடு திருவதிகை நோக்கி நடந்த அம்மனிதர் அயலார் அல்லர். தமக்கையின் வாயிலை அடையும்வரை அவரிடம் கொள்கை எதுவும் இல்லை. நோயும், தம்மை ஏற்றுக்கொள்வார் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையுமே இருந்தன. கொள்கை பின்னரே பிறந்தது. அன்பினின்று கொள்கை பிறந்த இம்முறைமையே அவர் பாடல்களைப் படிப்பதற்குரிய திறவுகோல் என்பது நம் துணிபு.