ஒப்பீட்டில் விடுபட்ட மொழிகள்

பொறியியல் கல்லூரிகளில் கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'நிரல் மொழிகளின் கோட்பாடுகள்' என்ற பெயரில் ஒரு பாடம் வருவதுண்டு. புதிதாக ஒரு மொழியைக் கற்றுத்தருவது அதன் நோக்கமன்று. பல மொழிகளை அருகருகே வைத்து, எது எப்படிச் சிந்திக்கிறது என்று காட்டுவதே நோக்கம். பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று ஒப்பீட்டிலேயே வாழ்கிற பிள்ளை அல்லவா!

ஓர் உதாரணம். 'நாம் போகிறோம்', 'நாங்கள் போகிறோம்' என்று தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்பதைச் சொல்லாமல் தமிழன் வாயைத் திறக்க முடியாது. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே போதும். கன்னடத்தில் அந்தப் பொருளைச் சொல்லவே முடியாது என்பதல்ல. சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். சி மொழியில் ஒரு மாறியை எழுதுமுன் அது முழு எண்ணா, தசம எண்ணா என்று அறிவித்தாக வேண்டும். பைத்தானில் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டும் ஒரே வகை வேறுபாடு. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு நூல் எழுதியபோது எந்த மொழி உசத்தி என்று மார்க் போடவில்லை. எது எதனோடு எப்படி உறவு என்று பார்த்தார். நம் பாடத்திலும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம்.

நடப்பது என்ன? பல கல்லூரிகளில் கையாளப்படும் ராபர்ட் செபெஸ்டாவின் நூலை எடுத்துக்கொள்வோம். நல்ல நூல், சந்தேகமில்லை. படிக்க எளிதா, எழுத எளிதா, நம்பத்தக்கதா, செலவு எவ்வளவு என்று அளவுகோல்களை முதல் அத்தியாயத்திலேயே தெளிவாக வைக்கிறார். ஆனால் பெயர்கள், வகைகள், கோவைகள் என்று உறுப்பு உறுப்பாக அறுத்துக்கொண்டே போய், உண்மையிலேயே வேறு மாதிரி சிந்திக்கிற லிஸ்ப்பும் புரோலாகும் கடைசி இரண்டு அத்தியாயங்களில்தான் முழுதாக வருகின்றன. செமஸ்டர் முடிகிற நேரம்! ஆசிரியர் ஓடுவார், பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுப்பார்கள். மிஞ்சுவது தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஓர் அட்டவணை.

இதற்கு மாறாக, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டான் கிராஸ்மன் நடத்தி, 2013-இல் கோர்செரா வழியாக உலகத்துக்கே திறந்துவிட்ட பாடத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் எம்எல், ராக்கெட், ரூபி என்று மூன்றே மொழிகள். முதலிரண்டும் சார்பிய மொழிகள். முன்னதில் வகைச் சோதனை ஓடுவதற்கு முன்பே நடக்கும், பின்னதில் ஓடும்போது. ரூபி பொருள்நோக்கு மொழி. ஒரே கணக்கை வேறு வேறு மொழிகளில் செய்யவைக்கிறார். அவர் எடுப்பது எண்கணிதக் கோவைகளை. நம்மவர்களுக்காக அதைப் பட்டறைச் சரக்காக மாற்றிச் சொல்கிறேன். ஷாஃப்ட், கியர், ஃபிளேஞ்ச் என்று மூன்று பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் எடையும் விலையும் கணக்கிட வேண்டும். எம்எல்லில் 'எடை' என்று ஒரே சார்பு எழுதி, அதற்குள் மூன்று பாகங்களையும் பிரிப்போம். நாளைக்கு 'ஹீட் டிரீட்மென்ட் செலவு' வேண்டுமென்றால் புதிதாக ஒரு சார்பு, பழையதைத் தொடவேண்டாம். ஆனால் 'புஷ்' என்று புதுப் பாகம் வந்தால் எல்லாச் சார்பையும் திறந்து திருத்த வேண்டும். ரூபியில் அப்படியே தலைகீழ்: புதுப் பாகம் சுலபம், புதுக் கணக்கு தலைவலி. எது நல்லது என்று கேட்டால், உங்கள் தொழிலில் எது அடிக்கடி மாறும் என்ற எதிர்க்கேள்விதான் விடை. ஒப்பீடு என்றால் இதுதான்.

ஆனாலும் இந்தப் பாடத்திலும் நமக்கு ஒரு குறை உண்டு. பீன்யாவில் நின்று பார்த்தால்தான் அது தெரியும். இங்குள்ள வி.எம்.சி. எந்திரங்கள் பேசுவது ஜி-கோட். தானியங்கி எந்திரங்களின் பி.எல்.சி. பேசுவது லேடர். தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் இவற்றில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையோ, "அது புரோகிராமிங் இல்லப்பா, வெறும் நம்பர்" என்கிறது. பாடத்திட்டம் சொல்லாததைப் பிள்ளை எப்படி மதிக்கும்?

வெறும் நம்பரா? 'எக்ஸ் 50' என்ற வரிக்கு என்ன பொருள்? முன்னால் ஜி90 இருந்தால் 50 என்ற புள்ளிக்குப் போ. ஜி91 இருந்தால் நிற்கும் இடத்திலிருந்து 50 மில்லிமீட்டர் நகர். எப்போதோ மேலே எழுதிய வரி இப்போதைய வரியின் பொருளைத் தீர்மானிக்கிறது. நிலைமாற்றம் ஏன் ஆபத்தானது என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்குவதை, ஜாபில் போய் முட்டிய டூல் ஒரு நொடியில் விளக்கிவிடும். எந்திரங்களுக்காக எம்ஐடியில் டக்ளஸ் ராஸ் தலைமையில் உருவான ஏபிடி மொழிக்கு, 1978-இல் நடந்த நிரல் மொழி வரலாற்று மாநாட்டில் ஃபோர்ட்ரான், லிஸ்ப்போடு சரியாசனம் கிடைத்தது. வரலாற்றாசிரியர்கள் கொடுத்த இடத்தை நம் வகுப்பறை கொடுக்கவில்லை.

லேடர் இன்னும் சுவையானது. ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதி, மேல்படி 'ஆன்', கீழ்ப்படி 'ஆஃப்' என்றால் மோட்டார் என்ன ஆகும்? சி படித்தவர் கண நேரம் ஓடி நிற்கும் என்பார். ஓடவே ஓடாது. பி.எல்.சி. உள்ளீடுகளை வாசித்து, எல்லாப் படிகளையும் முடித்த பிறகே பொதுவாக வெளியீட்டைத் தருகிறது. கடைசிப் படி சொன்னதே செல்லும். இது சி-யும் அல்ல, லிஸ்ப்பும் அல்ல, தனி இனம். 1993-இல் வந்த ஐ.இ.சி. தரப்பாடு லேடர் உட்பட ஐந்து மொழிகளை ஒன்றாக வைத்தது. அவற்றுள் அசெம்பிளி போன்ற 'இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட்' மொழியை 2013 பதிப்பு கைவிடத்தக்கது என்று குறித்தது. ரிலே காலத்துப் படம் வாழ்கிறது, எழுத்து மொழி சாகிறது. ஏன்? இதைத் தேர்வில் கேட்கலாம். விடை தேடி நூலகம் போகவேண்டாம். இரண்டாம் ஸ்டேஜில் நைட் ஷிஃப்ட் மெயின்டனன்ஸ்காரரைக் கேட்டால் போதும். மெஷின் நின்ற ராத்திரி இரண்டு மணிக்கு, எந்தக் கான்டாக்ட் விழவில்லை என்று திரையில் நிறம் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.